ஸ்னூக்கர் தரவரிசைப் போட்டியைப் பின்தொடர்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்னூக்கர் பார்க்கப் புதிதாக உட்காருபவர்களைக் குழப்புவது விதிகள் அல்ல, ஸ்கோர். 62–8 என்று ஒருவர் எங்கோ முன்னால் இருக்கிறார். ஆனாலும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அடுத்த ஃப்ரேமில் (பந்துகளை அடுக்கித் தொடங்கி முடியும் ஒரு கேம்தான் ஃப்ரேம்) 68–24. வித்தியாசம் குறைவுதான், ஆனால் பின்தங்கியவர் எழுந்து வந்து கை கொடுத்துவிட்டுப் போகிறார். ஏன் என்று புரியாவிட்டால் பத்தே நிமிடத்தில் சேனல் மாறிவிடும்.

புரிந்துகொள்ள ஒரே ஒரு பழக்கம் போதும். எடுத்த புள்ளியைப் பார்க்காதீர்கள், மிச்சம் இருப்பதைப் பாருங்கள். மேசையிலும் அப்படித்தான், தரவரிசைப் பட்டியலிலும் அப்படித்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு கணக்குகளைப் பற்றியதுதான்.

முதலில்: அது தரவரிசைப் போட்டியா என்று பாருங்கள்

பெரிய பெயர், பெரிய பரிசு என்பதால் மட்டும் ஒரு போட்டி தரவரிசைப் போட்டி ஆகிவிடாது. லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கும் மாஸ்டர்ஸ், ஸ்னூக்கரின் மூன்று உச்சப் போட்டிகளில் ஒன்று. ஆனால் அதில் வெல்லும் பணத்துக்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது. முதல் 16 பேரை அழைத்து நடத்தும் போட்டி அது. ஷாங்காய் மாஸ்டர்ஸும் 2018 முதல் அழைப்புப் போட்டி ஆகிவிட்டது. சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸும் அழைப்புப் போட்டிதான்.

தரவரிசைப் போட்டி என்றால் தொழில்முறைச் சுற்றில் இருக்கும் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும், அல்லது பட்டியலில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்தவர்களுக்கு இடம் இருக்கும். ஷெஃபீல்டில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப், யார்க்கில் நடக்கும் யுகே சாம்பியன்ஷிப், பெர்லினின் டெம்போட்ரோம் அரங்கில் நடக்கும் ஜெர்மன் மாஸ்டர்ஸ், வெல்ஷ் ஓப்பன், சீனாவில் நடக்கும் இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப், 2024இல் தொடங்கிய சவுதி அரேபியா மாஸ்டர்ஸ் எல்லாம் இந்த வகை. ஒருகாலத்தில் இந்தியன் ஓப்பனும் இருந்தது. 2013இல் அதன் இறுதிவரை வந்த ஆதித்ய மேத்தா, தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில் ஆடிய முதல் இந்தியர். எதிரே சீன வீரர் டிங் ஜுன்ஹுய். ஆட்டம் 5–0 என்று ஒருபக்கமாகவே முடிந்தது.

பட்டியல் எப்படி ஓடுகிறது

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தரவரிசைப் போட்டியின் பாதி சுவை இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2014–15 சீசனிலிருந்து ஸ்னூக்கரில் தரவரிசை என்பது பணப் பட்டியல்தான். ஒரு பவுண்டு பரிசு, ஒரு புள்ளி. அவ்வளவுதான் சூத்திரம். கடைசி இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் சம்பாதித்தது எவ்வளவோ அதுவே ஒருவருடைய இடம். போட்டியின் மிக உயர்ந்த பிரேக்குக்கு (மேசைக்கு ஒருமுறை வந்து விடாமல் எடுக்கும் புள்ளிதான் பிரேக்) என்று தனியாகத் தரும் பரிசு இதில் சேராது. உலக சாம்பியன்ஷிப்பில் நேரடி இடம் பெற்ற சீடு (அட்டவணையில் முன்னுரிமை பெற்ற) வீரர் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் காசோலை கிடைக்கும், புள்ளி கிடைக்காது.

இரண்டு ஆண்டுக் கணக்கு என்பதால் ஒவ்வொரு போட்டியிலும் ஒரு பக்கம் புதுப் பணம் ஏற, இன்னொரு பக்கம் பழைய பணம் உதிர்கிறது. ஒருவர் இரண்டு ஆண்டுக்கு முன் இதே போட்டியில் கோப்பை வென்று 1,00,000 பவுண்டு சேர்த்திருந்தார் என்று வையுங்கள். இந்த முறை காலிறுதியில் தோற்று 13,000 எடுக்கிறார். மோசமான வாரம் இல்லை. ஆனால் பட்டியலில் அவர் கணக்கிலிருந்து 87,000 புள்ளி குறைகிறது. அதே காலிறுதியில் தோற்ற, இரண்டு ஆண்டுக்கு முன் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்த ஓர் இளைஞர், படபடவென்று மேலே ஏறுகிறார். தோற்றபின் ஒருவர் முகம் இருண்டும் இன்னொருவர் முகம் தெளிவாகவும் இருப்பதன் காரணம் பல சமயம் இதுதான்.

அடுத்து, பட்டியலில் எந்தக் கோடுகளைக் கவனிக்க வேண்டும் என்பது. முதல் இடம் யாருக்கு என்பது சுவையான கேள்விதான், ஆனால் அதை நம்பி யாரும் பட்டினி கிடப்பதில்லை. உயிர்ப்பிரச்சினை இருப்பது கீழே.

16ஆம் இடம் முக்கியமான கோடு. உலக சாம்பியன்ஷிப்பில் முதல் 16 பேருக்கு நேரடியாக இடம். மற்றவர்கள் தகுதிச் சுற்றில் கல்லும் முள்ளும் தாண்டித்தான் வர வேண்டும். யுகே சாம்பியன்ஷிப்பும் 2022 முதல் இதே முறைக்கு மாறிவிட்டது. மாஸ்டர்ஸ் அழைப்பும் முதல் 16 பேருக்குத்தான். எனவே 14 முதல் 20 வரை இருப்பவர்களின் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள், குறிப்பாக உலக சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய சில வாரங்களில்.

64ஆம் இடம் இன்னும் கொடுமையான கோடு. தொழில்முறைச் சுற்றில் சுமார் 128 பேர். சீசன் முடியும்போது முதல் 64 இடத்துக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் டூர் கார்டு, அதாவது தொழில்முறைச் சுற்றில் ஆடும் உரிமை, உறுதி. அதற்குக் கீழே இருந்து, இரண்டு ஆண்டு கார்டின் காலமும் முடிந்துவிட்டால், வேறு வழியில் பிழைக்க முடியாத பட்சத்தில் தொழிலே போய்விடும். க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டியில் அமெச்சூர்களோடு மோதி மறுபடி உள்ளே வர வேண்டும். மேசையில் கருப்புப் பந்து ஒன்றைத் தவறவிட்டு ஒருவர் நாற்காலியில் இடிந்து உட்காருகிறார் என்றால், அந்தப் பந்தின் விலை ஒரு ஃப்ரேமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

இது தவிர, நடப்பு சீசனின் வருமானத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் ஓராண்டுப் பட்டியலும் உண்டு. வேர்ல்ட் கிராண்ட் பிரீ, பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், டூர் சாம்பியன்ஷிப் மூன்றுக்கும் இந்தப் பட்டியல்தான் நுழைவுச்சீட்டு. இப்போது யார் ஃபார்மில் இருக்கிறார் என்று அறிய இதுவே நல்ல கண்ணாடி.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. உலக சாம்பியனுக்கு 5,00,000 பவுண்டு. அந்த ஒரு போட்டி, வென்றவரை இரண்டு ஆண்டுகளுக்குத் தூக்கி நிறுத்திவிடுகிறது. 2025இல் சாவ் சின்டாங் அமெச்சூராகத் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18–12 என்று வென்று பட்டம் எடுத்தார். பட்டியலில் பெயரே இல்லாதவர் ஒரே போட்டியில் முதல் 16க்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும். ஆனால் ஆண்டு முழுக்கக் காலிறுதி, அரையிறுதி என்று சேர்த்துக்கொண்டே போகிறவருக்குப் பட்டியல் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

அடுத்து: அட்டவணையைப் படியுங்கள்

போட்டி தொடங்குவதற்கு முன்பே அட்டவணையைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். உலக ஸ்னூக்கர் டூரின் இணையதளத்தில் அட்டவணையும் நேரலை ஸ்கோரும் கிடைக்கும். பல போட்டிகளில் நடப்புச் சாம்பியன் தரவரிசை எதுவாக இருந்தாலும் முதல் சீடு. உலக சாம்பியன் இரண்டாவது சீடு. மற்றவர்கள் பட்டியல் வரிசையில் வருவார்கள். முதல் சீடும் இரண்டாவது சீடும் அட்டவணையின் இரண்டு பாதிகளில் இருப்பதால் இறுதிக்கு முன் மோத வாய்ப்பில்லை.

பல போட்டிகளுக்குத் தகுதிச் சுற்று சில வாரங்கள் முன்பே வேறு ஊரில், வேறு மண்டபத்தில் முடிந்திருக்கும். டிக்கெட் வாங்குபவர்களுக்காக உள்நாட்டு நட்சத்திரங்கள், முன்னணி வீரர்கள் சிலரின் முதல் ஆட்டத்தை மட்டும் தள்ளிவைத்து, முக்கிய அரங்கில் நடத்துவார்கள். அதனால் 'முதல் சுற்று' என்று போட்டிருக்கும் நாளில் தகுதியாட்டமும் நடப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசித் தகுதிச் சுற்றை ரசிகர்கள் 'ஜட்ஜ்மென்ட் டே' என்பார்கள். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒரே நேரத்தில் பலரின் சீசன் முடிந்துகொண்டிருக்கும். கூட்டமில்லாத, அலங்காரமில்லாத ஆட்டம் அது. என்னைக் கேட்டால் முதல் சுற்றைவிட அதுவே விறுவிறுப்பு.

எத்தனை ஃப்ரேம்?

'பெஸ்ட் ஆஃப் 7' என்றால் முதலில் 4 எடுப்பவர் வெல்வார். 'பெஸ்ட் ஆஃப் 11' என்றால் 6. திரையில் இரண்டு ஃப்ரேம் எண்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் தெரிவது இந்த மொத்த எண்ணிக்கைதான். 3 (11) 2 என்று இருந்தால் 11 ஃப்ரேம் ஆட்டத்தில் ஒருவர் 3–2 என்று முன்னிலை.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் அதிர்ச்சித் தோல்வி சகஜம். ஏழு ஃப்ரேம் ஆட்டத்தில் உலகின் முதல் வீரர் முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோற்றுப்போகலாம். உலக சாம்பியன்ஷிப் இதற்கு நேரெதிர்: முதல் சுற்றே 19 ஃப்ரேம், பிறகு 25, 25, அரையிறுதி 33, இறுதி 35. ஓர் ஆட்டத்தை இரண்டு, மூன்று, நான்கு அமர்வுகளாக (செஷன்) பிரித்து, நாள் தாண்டியும் ஆடுவார்கள். எனவே மதியம் 6–3 என்று நிற்கும் ஸ்கோரைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பொதுவாக நான்கு ஃப்ரேம் முடிந்ததும் ஒரு சிறு இடைவேளை விடுவார்கள். அதற்குப் பிறகு ஆட்டத்தின் போக்கு அடியோடு மாறுவதைப் பலமுறை காணலாம்.

விதிவிலக்குகள் இரண்டு. சாம்பியன்ஷிப் லீக்கில் குழு ஆட்டம், நான்கு ஃப்ரேம். 2–2 என்று சமனாகவும் முடியும். ஷூட் அவுட்டில் ஒரே ஃப்ரேம், பத்தே நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் ஓர் அடிக்கு 15 விநாடி, பிறகு 10 விநாடி. 2017இல் இதற்கும் தரவரிசை அந்தஸ்து கொடுத்தார்கள். வேடிக்கைக்கு நல்லது, ஒருவருடைய தொழிலை இதை வைத்தா அளப்பது என்று முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் நான்.

மேசைக்கு வாருங்கள்: மிச்சக் கணக்கு

சிவப்புப் பந்துகள் 15, ஒவ்வொன்றும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கருப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம், மறுபடி சிவப்பு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சிவப்பு தீரும்வரை, குழியில் விழுந்த வண்ணப் பந்து தன் இடத்துக்குத் திரும்பும். தீர்ந்தபின் வண்ணங்களை மதிப்பு வரிசையில் போட வேண்டும்.

ஒரு சிவப்போடு கிடைக்கக்கூடிய அதிகபட்சம் ஒரு கருப்பு, சேர்த்து 8. ஆறு வண்ணங்களின் கூட்டு 27. எனவே மேசையில் மிச்சம் = சிவப்புகளின் எண்ணிக்கை × 8 + 27. தொடக்கத்தில் 15 × 8 + 27 = 147. புகழ்பெற்ற அந்த எண் வருவது இப்படித்தான்.

தொடக்கத்தில் சொன்ன 62–8க்கு வருவோம். ஐந்து சிவப்பு மிச்சம் என்றால் மேசையில் 67. வித்தியாசம் 54. பின்னால் இருப்பவர் முழுக்கத் துடைத்தெடுத்தால் வென்றுவிடுவார். அதனால்தான் அரங்கம் பதறுகிறது. 68–24இல் வண்ணங்கள் மட்டுமே மிச்சம் என்றால் மேசையில் 27, வித்தியாசம் 44. கை கொடுப்பதே மரியாதை.

வித்தியாசம் மிச்சத்தைவிடக் கொஞ்சமே அதிகம் என்றால்? உதாரணமாக 30 புள்ளி பின்தங்கல், மிச்சம் 27. இப்போது பந்தைப் போட்டு மட்டும் பயனில்லை; எதிராளியை ஃபவுல் செய்ய வைக்க வேண்டும். அதற்காக வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்துவைப்பார்கள். அதைத்தான் ஸ்னூக்கர் வைப்பது என்கிறோம். ஃபவுலுக்குக் குறைந்தது 4, அதிகபட்சம் 7 புள்ளி எதிராளிக்குப் போகும். ஒரே ஒரு ஃபவுல் கிடைத்தால் வித்தியாசம் 26. துடைத்தால் ஒரு புள்ளியில் வெற்றி. வர்ணனையாளர் 'ஒரு ஸ்னூக்கர் தேவை' என்று சொல்வது இந்தக் கணக்கை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1985 உலக இறுதியின் கடைசி ஃப்ரேமைப் பார்த்தால் அந்த ஆட்டத்தை ஏன் இன்றும் பேசுகிறார்கள் என்பது விளங்கும். ஸ்டீவ் டேவிஸ் தொடக்கத்தில் 8–0 என்று போனவர். டெனிஸ் டெய்லர் துரத்தித் துரத்தி 17–17க்குக் கொண்டுவந்துவிட்டார். முடிவு ஃப்ரேமில் டேவிஸ் 62, டெய்லர் 44. மேசையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கருப்பு மட்டும். மிச்சம் 22, வித்தியாசம் 18. டெய்லருக்கு நான்கும் வேண்டும், ஒன்றைக்கூட விடமுடியாது. பழுப்பு விழுந்தது, 48. நீலம், 53. இளஞ்சிவப்பு, 59. இப்போது 62–59, எஞ்சியது ஏழு புள்ளிக் கருப்பு மட்டும்; போடுபவருக்கு உலகப் பட்டம். இருவரும் மாறி மாறித் தவறவிட்டு, கடைசியில் டெய்லர் போட்டார், 66–62. அந்த இறுதியாட்டம் முழுவதிலும் அவர் முன்னிலை பெற்ற முதல் கணம் அதுதான். நள்ளிரவு தாண்டியும் பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் என்ன செய்கிறார்

பிரேக் எண்ணிக்கையை உரக்கச் சொல்வது, வண்ணப் பந்தை இடத்தில் வைப்பது, தேவைப்பட்டால் பந்தைத் துடைப்பது எல்லாம் பார்த்தாலே புரியும். புரியாதது 'மிஸ்'. ஸ்னூக்கரிலிருந்து தப்பிக்க முயன்று சரியான பந்தைத் தொடாமல் போனால், போதிய முயற்சி செய்யவில்லை என்று நடுவர் கருதினால் 'ஃபவுல் அண்ட் எ மிஸ்' என்பார். எதிராளி விரும்பினால் பந்துகளைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி மறுபடி அடிக்க வைக்கலாம். ஒவ்வொரு முறையும் குறைந்தது நான்கு புள்ளி. ஒரே ஸ்னூக்கரில் ஒருவர் இருபது, முப்பது புள்ளி இழப்பது இப்படித்தான். பந்து நேராக முழுசாகத் தெரியும்போதே தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால் ஃப்ரேமே போய்விடும். பந்துகள் கச்சிதமாகப் பழைய இடத்தில் இருக்கின்றனவா என்று நடுவர் திரையைப் பார்த்துப் பார்த்து நகர்த்தும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான் தேநீர் போடப் போக வேண்டும்.

ஃபவுலுக்குப் பின் அடுத்தவருக்கு எந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாவிட்டால் 'ஃப்ரீ பால்'. ஏதாவதொரு வண்ணத்தைச் சிவப்பாகப் பாவித்து அடிக்கலாம். கடைசியில் புள்ளி சமனானால் கருப்பை மட்டும் வைத்து முடிவு செய்வார்கள்.

அரங்கில் நேரில் பார்க்கப் போனால்

கைபேசியை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தால்கூட அந்த அமைதியில் கேட்கும். ஃப்ரேம் நடுவே எழுந்து நடக்காதீர்கள். வீரர் குனிந்து குறி பார்க்கும்போது அவர் பார்வைக் கோட்டில் அசைந்தால் நடுவர் பெயர் சொல்லாமல் உங்களைச் சுட்டிக்காட்டுவார். அது ஒரு தனி அவமானம். பெரிய போட்டிகளில் வர்ணனை கேட்கக் காதில் மாட்டும் கருவி கிடைக்கும். புதியவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும்.

தொடக்க நாள்களில் பல மேசைகளில் ஆட்டம் நடக்கும். பக்கத்து மேசைக் கைத்தட்டலுக்கு உங்கள் மேசை வீரர் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் அரையிறுதி வரும்வரை நடுவே தடுப்பு வைத்து இரண்டு மேசைகள் இருக்கும். பிறகு தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேசை. ஆயிரம் பேர்கூடக் கொள்ளாத அந்த இடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் வீரர் பெருமூச்சு விடுவதுவரை கேட்கும்.

எதில் தொடங்கலாம்

உலக சாம்பியன்ஷிப்பில் தொடங்காதீர்கள். 17 நாள், நாள்கணக்கில் நீளும் ஆட்டங்கள். புதியவர்களுக்கு மூச்சு முட்டும். ஷூட் அவுட்டிலும் தொடங்காதீர்கள், அது வேறு விளையாட்டு. யுகே சாம்பியன்ஷிப் சரியான இடம். இறுதியைத் தவிர எல்லாச் சுற்றும் 11 ஃப்ரேம். முதல் 16 பேரோடு தகுதிச் சுற்றிலிருந்து வந்த 16 பேர் மோதுவார்கள். ஒரே அமர்வில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். முதல் சுற்றில் பட்டியலில் 16ஐ ஒட்டி நிற்கும் சீடு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் அவருக்கும் 17ஆம் இடத்தில் இருப்பவருக்கும் எத்தனை பவுண்டு வித்தியாசம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமிலும் சிவப்பை எண்ணி எட்டால் பெருக்கி 27ஐக் கூட்டிக்கொண்டே இருங்கள். மூன்றாவது ஃப்ரேமுக்குள் பேனா தேவைப்படாது.